மூன்று மேசைக்கும் நான் ஒருவன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், வலது முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? போனில் என்னைப் பேசவிடாமல் குறுக்கே பேசுகிறாய் என்பதால் எழுதுகிறேன்.

"தனியாக் கிடந்து என்னண்ணா பண்றே, இங்க வந்துடு" என்றாய். யாரம்மா தனி? எனக்கு மூச்சுவிட நேரமில்லை. என் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் சாப்பிட வருவது அதே ஹோட்டலுக்குத்தான். வராமல் விட்டால் தோற்றதாகிவிடுமாம். தையல்காரர் ஜன்னலோரம், பல் டாக்டர் கல்லாப் பக்கம், டிரைவிங் மாஸ்டர் கை கழுவும் இடத்தருகே. நடுவே தூது போவது நான். "கோட்டுக்குக் கை ரெண்டும் ஒரே நீளமா இருக்கணும்னு அவனுக்குத் தெரியுமான்னு கேளு" என்பார் டாக்டர். அப்படியே சொன்னால் உறைக்காதே என்று, "உனக்கு ஊசி பிடிக்கவே தெரியாதாம்" என்று கொஞ்சம் தூக்கலாகச் சொல்வேன். தையல்காரர் கொதித்துப்போய் ஒரு பதில் தருவார், அதைச் சுமந்துகொண்டு திரும்பினால் மாஸ்டர் சட்டையைப் பிடித்து இழுப்பார், "என்னப் பத்தி என்ன சொன்னாங்க?" ஒன்றுமில்லை என்றால் முகம் வாடிவிடும், பாவம், அதனால் எதையாவது சொல்லிவைப்பேன். போன மாதம் சமாதானமாகிவிடுவார்கள் போலிருந்தது, நல்லவேளை, ஆகவில்லை. வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் கிடையாது. பல் துலக்கும்போதே சாயங்காலம் எப்போது வரும் என்றிருக்கிறது. நான் உன்னிடம் வந்துவிட்டால் இவர்கள் கதி என்ன? என்னை எதிர்பார்க்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், உன் பேச்சைக் கொஞ்சமாவது கேட்டு வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். இன்று நல்ல கூட்டம். இடமில்லை என்று சர்வர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார். வாசலிலேயே அவர்கள் சிரிப்பு கேட்டது. நான் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டது. "நாங்க யாருமே அப்படிச் சொல்லலப்பா" என்றார் டாக்டர். மற்ற இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன். சர்வர் வந்து, "சார் மட்டும் தனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை வருகிறேன், மாடி அறையைப் பெருக்கிவை. மாப்பிள்ளை கேட்டால், அண்ணன் வரவே மாட்டேன் என்றார், நான்தான் அழுது கூப்பிட்டேன் என்று சொல்லிவிடு.