நாற்பத்தொன்பது வயதில் உறுதிபூசுதல்

"உமக்க பேரு இதுல இல்லியே, ஜான்ரோஸ்" என்றார் பங்குத்தந்தை, பழைய உறுதிபூசுதல் பதிவேட்டை மூன்றாவது தடவையாகப் புரட்டிவிட்டு.

"நல்லாப் பாருங்க ஃபாதர். எண்பத்தொம்பதுல நான் எட்டாங்கிளாஸ். எனக்க கூடப் படிச்சவன் எல்லாவனும் அதுல இருப்பான்."

"எல்லாவனும் இருக்கான். நீரு மட்டும் இல்ல."

ஜான்ரோஸ் எட்டித் தானும் பதிவேட்டைப் பார்த்தார். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி ஜின்சியின் மகள் மெரினுக்கு மார்ச் மாதம் உறுதிபூசுதல், ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு. சடங்கில் பின்னால் நிற்கும் ஞானத்தகப்பனாக யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்காமல் "ஜான்ரோஸ் மாமா" என்றதாம். அதைச் சொல்லி ஜின்சி போனில் அழுதாள். கோட்டாற்றில் தன் பெயிண்டுக் கடையில் நின்றபடி இவரும் அழுதார். அந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போகவில்லை. முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் போகவில்லை. இதற்கும் போகாவிட்டால் தாய்மாமன் என்று என்ன முகத்தோடு சொல்லிக்கொள்வது?

ஆனால் ஞானத்தகப்பனாக நிற்கிறவர் உறுதிபூசுதல் பெற்றவராக இருக்கவேண்டும். அந்தச் சான்றிதழுக்காகத்தான் வந்திருந்தார். இப்போதுதான் நினைவு வந்தது. ஊரெல்லாம் கோயிலுக்குப் போன அன்றைக்கு அவர் அம்மை போட்டு வாழையிலையில் கிடந்தார்.

வீட்டில் சொன்னதும் மனைவி ஜாஸ்பின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நமக்க கல்யாணம்? அது செல்லுமா?"

"செல்லும்னுதான் ஃபாதர் சொல்லுதாரு."

"ஒருக்கா நல்லாக் கேட்டுட்டு வாங்க" என்றாள். குரலில் லேசான நம்பிக்கை இருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

ஃபாதர் ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துப் பங்கில் ஜனவரியில் உறுதிபூசுதல் இருக்கிறது. நான்கு ஞாயிற்றுக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தால் போதும். முழங்கால் இடிக்கும் பெஞ்சில் ஜான்ரோஸ் உட்கார்ந்தார். முதல் நாளே சிஸ்டர் எழுப்பிவிட்டு, தூய ஆவியின் ஏழு கொடைகளைச் சொல்லச் சொன்னார்.

"ஞானம், புத்தி, விமரிசை, திடம்..."

அதற்குமேல் வரவில்லை. ஐந்தாவதை சிஸ்டரே எடுத்துக் கொடுத்தார்.

"அறிவு எங்க ஜான்ரோஸ்?"

வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

உறுதிபூசுதல் அன்று வரிசையில் அவர் முறை வந்தபோது, ஆயர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைய முன்னால விடுங்க. தகப்பன்மாரு பின்னாலதான் நிக்கணும்."

"நான்தான் ஆண்டவரே பிள்ளை."

எப்படியோ சான்றிதழ் கையில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு விசா ஏஜெண்ட் குமாரதாஸிடம் ஓடினார். இருபது வருடமாக வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவன். "எதுக்காகப் போறிய அண்ணே?" என்று கேட்டான். "கன்ஃபர்மேஷன்" என்றார் இவர், உறுதிபூசுதலை ஆங்கிலத்தில். இரண்டு வாரத்தில் விசா மறுப்புக் கடிதம் வந்தது. சுற்றுலா விசாவில் வேலை பார்க்க முடியாதாம்.

"லே, என்னத்த எழுதித் தொலச்ச?"

"நீங்கதானே கன்ஃபர்மேஷன்னு சொன்னிய. மஸ்கட்டுல ஆறு மாசம் கழிஞ்சு வேல நிரந்தரமானா அதுக்குப் பேரு கன்ஃபர்மேஷன்லா? விசா ஆபீஸ்காரனுக்கு வெளங்கட்டும்னு முன்னால 'வேலை'ன்னு ஒரு வார்த்த சேத்தேன்."

அன்றைக்கு மயில்நீலம் கேட்டு வந்தவருக்கு ஜான்ரோஸ் சாம்பல் நிறத்தைக் கலக்கிக் கொடுத்தார். ஜின்சியிடம் எப்படிச் சொல்வது? பிள்ளை ஆசையாகக் கேட்ட ஒரே ஒரு காரியம்.

"விடுங்க அண்ணே. தெளிவா ஒரு லெட்டர் வச்சு மறுபடியும் போடுவோம்" என்றான் குமாரதாஸ். தெளிவாகவே எழுதினான். இது மதச் சடங்கு, நெற்றியில் எண்ணெய் பூசுவார்கள், அண்ணன் அதற்காக முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வைத்திருக்கிறார் என்று.

மூன்றாம் நாள் விசா ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், ஆயுர்வேத மசாஜ் வேலைக்கா போறீங்க?"

ஜான்ரோஸ் பெயிண்டு டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். "இல்லம்மா. அது எனக்க மருமகளுக்கு..." என்று தொடங்கினார்.

"வீட்டுக்கு வந்து செய்யிற மசாஜா சார்?"

அதன்பிறகு இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. ஜாஸ்பின் வைத்த மீன்குழம்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோனார். கடைசியில் ஜின்சியே அந்த ஊர்ப் பங்குத்தந்தையிடம் போய் நின்று அழுதாள். அவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். சடங்குக்கு மூன்று நாள் இருக்கையில் விசா வந்தது.

திருவனந்தபுரத்தில் ஏறினார். டப்ளினில் இறங்கினார். பெட்டி இறங்கவில்லை. பட்டு வேட்டி, பிள்ளைக்கு வாங்கிய சங்கிலி, ஜாஸ்பின் பொரித்துக் கட்டிய முந்திரிக்கொத்து, எல்லாம் எந்த நாட்டுக்குப் போனதோ தெரியவில்லை. ஜின்சி மாப்பிள்ளையின் குளிர்கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். கை விரல் வெளியே தெரியவில்லை. குளிரில் பல் தந்தியடித்தது.

ஆனாலும் கோயிலில் பாட்டு தொடங்கி, வெள்ளை உடுப்போடு நின்ற மெரினின் தோளில் கை வைத்தபோது அவருக்கு எல்லாம் மறந்துபோனது. பெஞ்ச், மசாஜ், மறுப்புக் கடிதம், எதுவும் நினைவில் இல்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது. முன்வரிசையில் ஜின்சியும் அழுதுகொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. அவர்களுக்கு முன்னால் இன்னும் இரண்டே பிள்ளைகள்.

"மக்கா" என்று மெல்லக் குனிந்தார் ஜான்ரோஸ். "வந்துட்டேன் பாத்தியா? நீ மாமன் பேரச் சொன்னேல்லா, அது போதும் எனக்கு. செத்தாலும் வந்திருப்பேன்."

மெரின் திரும்பி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணிலும் நீர் முட்டி நின்றது.

"ஞானத்தகப்பன் வரலேன்னா இது நடக்காதுல்லா மாமா? உங்களுக்கு எந்தக் காலத்திலயும் விசா கிடைக்காதுன்னு அப்பா சொன்னாரு. அதான் உங்க பேரச் சொன்னேன்."