ஒரு கிண்ணம் இங்கிலீஷ்

போர்ட் சூடானில் அந்த வருஷம் இங்கிலீஷ் கிண்ணத்தில் கிடைத்தது. குடித்தால் வரும். படிக்க வேண்டாம், எழுத வேண்டாம், வாத்தியாரம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம். வாயைத் திறந்து முழுங்கினால் போதும்.

விற்றவர் ஷேக் பத்ரான். பச்சைத் தலைப்பாகை, கையில் நீள மணிமாலை, எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. துறைமுக வாசலுக்கு எதிரே, லெத்தாயின் காப்பிக் கொட்டகையை ஒட்டிப் பாய் விரித்திருந்தார். மரப்பலகையில் கரிமையால் எழுதி, அதைத் தண்ணீரில் கழுவி, கழுவிய நீரைக் குடிக்கக் கொடுப்பது இந்த ஊரில் நேற்று வந்த பழக்கமில்லை. மிஹாயா என்பார்கள். காய்ச்சலுக்குக் குடிப்பார்கள், கண்ணேறுக்குக் குடிப்பார்கள், பிள்ளை இல்லாதவள் குடிப்பாள். பத்ரான் செய்த புதுமை ஒன்றுதான். பலகையில் இங்கிலீஷ் எழுத்தை எழுதினார். மொழியே வயிற்று வழியாக ஏறும் என்றார். பள்ளிவாசல் பெரியவர், பலகை பிள்ளைகள் எழுதிப் பழகத்தானே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. அவர் இலவசமாகச் சொன்னார், அதனால் இருக்கும்.

தினமும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் கூட்டம் கூடும். ஹம்தூன் என்று ஒருவனை ஷேக் முன்னால் நிறுத்துவார். மலையில் ஒட்டகம் மேய்த்தவன், ஓர் எழுத்தும் அறியாதவன் என்று அறிமுகம். அவன் கிண்ணத்தைக் குடிப்பான். கை நடுங்கும், கண் செருகும். பிறகு இரண்டு நிமிஷம் மடமடவென்று இங்கிலீஷ் கொட்டும். 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்று தொடங்குவான், ஓர் இடத்திலும் தடுமாறமாட்டான். கேட்கிற பெண்கள் அழுவார்கள். என்ன சொன்னான் என்று ஒருவருக்கும் புரியாது. புரியாததுதானே உசத்தி.

ஒரு கிண்ணத்துக்கு மூட்டைக்காரனின் ஒரு நாள் கூலி. நாற்பது கிண்ணம் குடித்தால் முழு இங்கிலீஷ்.

இந்தக் கூட்டத்தில் ஒருநாள் அதாரூபும் நின்றான். பதினெட்டு வருஷமாகக் கப்பலிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்குகிறவன். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். அவன் மகன் ஓனூருக்குப் பதினைந்து வயது. சரக்கு சரிபார்க்கும் வேலைக்குத் துறைமுகத்தில் ஆறு பையன்களைப் பழக்க எடுக்கிறார்கள். பெட்டிமேல் இருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பரீட்சை இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு. தேறினால் பையன் கையில் பென்சில். தேறாவிட்டால் தோளில் மூட்டை. அதாரூபுக்கு இதைத் தவிர வேறு நினைப்பில்லை.

ரிஹாப் டீச்சர் தொழிலாளர் மன்றத்து அறையில் மூன்று மாதமாகப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உன் பெயர் என்ன, இது பெட்டி, அது கயிறு, மேலே, கீழே. முப்பது பேர் வந்த வகுப்பில் இப்போது நாலு பேர். ஹம்தூன் ஒப்பிப்பது வெறும் மனப்பாடம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். வகுப்பு காலியான வயிற்றெரிச்சல் என்றார்கள்.

அன்று சாயங்காலம் அதாரூப் வீட்டுக்குப் போனபோது ஓனூர் வாசலில் குந்தியிருந்தான். உதடு நீலம், பல் நீலம், நாக்கு நீலம்.

என்னடா என்றதும் பையன் வீட்டுக்குள்ளே கை காட்டினான். அவன் அம்மா ஹவ்வாதான் சொன்னாள். ஷேக்கின் பலகையில் இருப்பதும் இங்கிலீஷ், பிள்ளையின் நோட்டில் இருப்பதும் இங்கிலீஷ். அதற்குக் காசு, இதற்குக் காசில்லை. ஆகவே மூன்று மாத நோட்டை ஏடு ஏடாகக் கிழித்துக் குடத்தில் ஊறப்போட்டு, மைப்பேனா எழுத்தெல்லாம் கரைந்ததும் வடிகட்டிக் கொடுத்துவிட்டாள். ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை.

"முழுசாக் குடிச்சுட்டாம்ப்பா. இனி வகுப்பு எதுக்கு?" என்றாள், கெட்டிக்காரத்தனத்தோடு.

அதாரூப் வெள்ளைக் கூழாகிப்போன காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எடை தெரியும். பதினெட்டு வருஷம் சர்க்கரை தன் தோள்மேலேயே இருந்தும் உடம்புக்குள் ஒரு சிட்டிகை இறங்கியதில்லை என்பதும் தெரியும். ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் லெத்தாயின் கொட்டகையில் உட்கார்ந்தான். லெத்தாய் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். இஞ்சி தட்டிப்போட்டுக் காப்பி வடிப்பாள், நாக்கும் அதே காரம். ஷேக் காலையில் எழுதும் பலகைகள் அவள் கொட்டகைச் சுவரில்தான் சாய்ந்து காயும். ஷேக் எழுதுவதைத் தினமும் பார்க்கிறாளாம். ஏதோ பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைகிறாராம்.

அதாரூப் யோசித்தான். பிறகு கூட வந்த ஐந்து மூட்டைக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, லெத்தாயிடம் ஒரு காரியம் கேட்டான். அவள் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திற்று.

அன்று வெள்ளிக்கிழமை. கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஹவ்வா முதல் வரிசையில், நீல வாயோடு ஓனூர் பக்கத்தில். ரிஹாப் டீச்சரையும் அதாரூப் வரச்சொல்லியிருந்தான். ஷேக் முதல் பலகையை எடுத்துக் கழுவினார். ஹம்தூன் குடித்தான். நடுங்கினான். லேடீஸ் அண்ட் ஜென்டில்மென். இரண்டு நிமிஷம், தடங்கலே இல்லை. பெண்கள் அழுதார்கள்.

அதாரூப் முன்னால் வந்தான். "ஷேக்கே, ஒரு சந்தேகம். சக்தி மையிலயா, உங்க கையிலயா?"

"எழுத்துல இருக்கு மகனே. எந்த மொழியை எழுதிக் கரைக்கிறமோ அந்த மொழிதான் வரும். அரபியை எழுதினா அரபி. இங்கிலீஷை எழுதினா இங்கிலீஷ். ஒரு சொல் மாறாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் அதாரூப். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அவன் தோள் துண்டுக்குள்ளிருந்து ஒரு பலகையை உருவித் தூக்கிக் காட்டினான். கரிமை எழுத்து அப்படியே இருந்தது. "உங்க முதல் பலகை இது. இன்னும் கழுவல. அப்ப இவன் குடிச்சது எதை?"

"நான் எழுதினதை," என்றாள் லெத்தாய், சட்டியைத் துடைத்துக்கொண்டே. "எங்க பாஷையில எழுதினேன். காப்பிக்கொட்டை எப்படி வறுக்கணும்னு. இவங்க ஆறு பேரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. அது இங்கிலீஷாத் தெரிஞ்சிருக்கு உங்க ஷேக்குக்கு."

கூட்டம் பலகையை எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, அப்ப அவன் காப்பி வறுத்திருக்கணுமே என்றான். சிரிப்பு கிளம்பிற்று.

ஷேக் லேசில் விடுகிற ஆளா? சக்தி எழுத்தில் பாதி, என் எண்ணத்தில் பாதி என்று திருத்தினார். நான் இங்கிலீஷ் என்று நினைத்தேன், இங்கிலீஷ் வந்தது என்றார். நாலைந்து தலைகள் ஆடவும் செய்தன. தலை என்று ஒன்று இருந்தால் ஆட்டத்தானே வேண்டும்.

அப்போதுதான் ரிஹாப் டீச்சர் ஹம்தூன் முன்னால் வந்து நின்று, உன் பெயர் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் வகுப்பில் முதல் நாள் பாடம் அது. ஹம்தூன் விழித்தான். ஷேக்கைப் பார்த்தான். தெரிந்த ஒரே வழி அதுதான், லேடீஸ் அண்ட் ஜென்டில்மென் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"வாப்பா," என்றான் ஓனூர், அதாரூபிடம் மெதுவாக. "அவரு சட்டை சட்டைங்கிறாரு. உங்க இருக்கைக்குக் கீழே இருக்குதாம். மிதக்கிற சட்டை."

முன்வரிசையில் இரண்டு பேர் நிஜமாகவே குனிந்து பார்த்தார்கள்.

"ஜித்தா கப்பல்," என்றான் மூட்டைக்காரர்களில் ஒருவன். "கப்பல் கிளம்பறப்ப ஒலிபெருக்கியில பாதுகாப்பு அறிவிப்பு போடுவாங்களே, அதேதான். ஏய், நீ அந்தக் கப்பல்ல தட்டு கழுவினவன்தானே? தொப்பி போட்டிருப்பே."

ஹம்தூனுக்கு அரபி மிக நன்றாக வந்தது. ஷேக்தான் சொல்லச் சொன்னார் என்றான். சொல்லிவிட்டு ஓடினான். ஷேக் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கிண்ணங்களை மட்டும் எடுக்க முடியவில்லை. லெத்தாய் அவற்றில் இப்போது உப்பு வைத்திருக்கிறாள்.

அதாரூப் இது எதையும் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தாளு சொன்னது உனக்கு எப்படிடா புரிஞ்சுது? நோட்டுதான் போச்சே."

"கீழே, இருக்கை, சட்டை, மிதக்கிறது. போன மாசம் டீச்சர் இருபது தடவை சொல்லவச்சாங்க, வாப்பா."

ஹவ்வா மகனின் நீல வாயை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் குடிக்கக் குடுத்ததெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போகணுமோ அங்க போயிருக்கும்," என்றான் அதாரூப்.

மறுநாள் வகுப்பில் இருபத்தாறு பேர். மிஹாயா வாங்கக் காசில்லாததால் நோட்டைப் பத்திரமாக வைத்திருந்த ஒரு பெண்பிள்ளையிடம் அதைக் கடன் வாங்கி, ஓனூர் எட்டு நாள் உட்கார்ந்து எழுதினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். இரண்டை வாசித்தான், மூன்றாவதில் திக்கினான். ஆறு பேரில் ஆறாவதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஷேக் பத்ரான் இப்போது வேறு ஊரில் கணக்கு விற்கிறாராம். நாற்பது கிண்ணத்தில் பெருக்கல், ஐம்பதில் வகுத்தல். கூட்டம் தாங்கவில்லையாம். வாயைத் திறக்க அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு கேள்வி கேட்பதற்காகத் திறந்தால் என்ன கெட்டுப்போகும்?