சீனப் பாலத்தில் ஒரு சக்கரவர்த்தி

ஒருநாளாவது ராசாவாக இருந்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லண்டன் மோர்டனில் என் வீட்டில் அதற்கு வழியில்லை. அங்கே டீவி ரிமோட் என் கைக்கு வருவது, பற்றரி மாற்றும்போது மட்டும்தான். அதனால் சீனாவுக்குப் போய் ராசா ஆவது என்று முடிவெடுத்தேன்.

சந்தர்ப்பமும் தானாக வந்தது. எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். சட்டனில் மண்டபம் பிடித்தாயிற்று. மண்டப வாசலில் ஆளுயரப் படம் வைக்காவிட்டால் எங்கள் சனம் அதை விழாவாகவே ஏற்றுக்கொள்ளாது. போன வருடம் வெம்பிளி அஜந்தா, என் மனைவி பாமாவின் சிநேகிதி, சியான் நகரத்துப் பாலத்தில் சீன அரசி உடுப்போடு நின்ற படத்தை வைத்தாள். அழகான படம்தான். ஆனால் அவளுக்குப் பின்னால் நாற்பது பேர். அதில் ஒருவர் வாயைப் பிளந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதே பாலத்திலைதான் நானும் எடுப்பன்," என்றாள் பாமா. "ஆனால் எனக்குப் பின்னாலை ஒரு தலை தெரியக் கூடாது."

"உமக்கு விசரே? அங்கை விடுமுறைக்கு வாற சனத்துக்கு நோதேர்ன் லைன் ரயில் பிச்சை வாங்க வேணும்."

"அதை நான் பாக்கிறன். நீங்கள் வாறியளோ இல்லையோ?"

"வாறன். ஆனால் நான் ராசா உடுப்புத்தான் போடுவன். மண்டப வாசலிலை நானும் நிக்க வேணும்."

"ஐயோ வேண்டாமப்பா! உங்கடை வண்டி வயித்துக்கு அது பூட்டாது. வெள்ளையாய் ஒரு புலவர் உடுப்பு இருக்காம். அதைப் போடுங்கோ."

"ராசா."

"புலவரப்பா."

"ராசா! இல்லாட்டி நான் விமானமே ஏறன்!"

பாமா பெருமூச்சு விட்டாள். "சரி, உங்கடை விருப்பம்." கலியாணமான நாளிலிருந்து நான் வென்ற முதல் வழக்கு அது. அந்தச் சந்தோசத்தில் இரண்டு பேருடைய பெட்டியையும் நானே அடுக்கினேன்.

சியானில் போய் இறங்கினால், அம்மாடி! அந்தக் காலத்து அரண்மனை மாதிரிக் கட்டிய வீதி. ஆயிரக்கணக்கில் அரசிகள். இளவரசிகள் கையில் பபிள் டீயோடு திரிகிறார்கள். ஒரு தளபதி வாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நூடில்ஸ் சாப்பிடுகிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடையில் எனக்கு மஞ்சள் பட்டு அங்கி போட்டார்கள். நெஞ்சில் டிராகன். தலையில் பலகை மாதிரி ஒரு தொப்பி, முன்னும் பின்னும் மணிச்சரம். அங்கி வண்டிக்குப் பூட்டியது. சற்று மூச்சை அடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் யாழ்ப்பாணத்து மீசையைப் பார்த்து உடுப்புப் போட்ட பெண் பெருவிரலை உயர்த்தினாள்.

பாமா மூன்று மணித்தியாலம் கழித்து வெளியே வந்தாள். உண்மையைச் சொல்கிறேன், என் மனைவி அவ்வளவு அழகு என்பதை மறந்துபோயிருந்தேன். அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவள் வெட்கப்பட்டாள். பிறகு பாலத்துக்கு எதிர்ப்பக்கமாக விசிறியை நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெரிய படிக்கட்டிலை மட்டும் ஏறி நிக்காதேங்கோ. சனமெல்லாம் உங்களைத்தான் பாக்கும். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அடுத்த நிமிடம் நான் படிக்கட்டின் உச்சியில் நின்றேன்.

முதலில் ஒரு சிறுமி வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்தாள். பிறகு அவள் குடும்பம். பிறகு ஒரு பஸ் நிறைய ஆட்கள். இப்படி ஒரு மீசையோடு சக்கரவர்த்தியை அவர்கள் எங்கே கண்டார்கள்? வீதியே என் பக்கம் திரும்பியது. பாலத்தில் நின்றவர்களும் ஓடி வந்தார்கள். நூடில்ஸ் தளபதிகூட வந்து எனக்குச் சலாம் போட்டார்.

"வாங்கோ, வாங்கோ! தள்ளுப்படாதேங்கோ! சின்னப் பிள்ளையளை முன்னுக்கு விடுங்கோ!" என்று தமிழிலேயே ஆட்சி நடத்தினேன். அவர்கள் கை தட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் சிரித்துக் கன்னம் இரண்டும் வலித்தது. என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் நான் சொன்னதைக் கேட்டதேயில்லை.

கடைசியில் பாமா வந்தாள். "நேரம் முடிஞ்சுதப்பா. உடுப்பைத் திருப்பிக் குடுக்க வேணும்."

"என்ரை படம்?"

"உங்களைத்தானே ஊரே எடுத்தது! நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்."

அந்தப் பூரிப்பில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. லண்டன் வரும்வரை விமானத்தில் கண் மூடவுமில்லை.

மோர்டன் வந்த மூன்றாம் நாள் படங்கள் போனுக்கு வந்தன. பாலத்தில் பாமா. பாலத்தில் விசிறியோடு பாமா. பாலத்தில் திரும்பிப் பார்க்கும் பாமா. அவளுக்குப் பின்னால் ஒரு குருவிகூட இல்லை. கழுவி விட்டது போல வெறும் பாலம்.

"பாமா, என்ரை படங்கள் எங்கை?"

"படமெடுக்க நாங்கள் பிடிச்சது ஒரு பிள்ளையைத்தானேயப்பா. அவள் முழு நேரமும் என்னோடை நிண்டாள்."

நூற்றெண்பது படத்தையும் விரித்து விரித்துத் தேடினேன். ஒரு படத்தின் மூலையில் பெரிய சனக்கூட்டம், எல்லாரும் முதுகைக் காட்டியபடி. அவர்கள் தலைகளுக்கு மேலே பலகைத் தொப்பியின் ஒரு நுனி. அது நான், சக்கரவர்த்தி பத்மநாதன்.

"அந்த மூலையை வெட்டிப்போட்டு வாசலுக்கு அடிக்கலாம்," என்றாள் பாமா.

அப்போது போன் அடித்தது. அஜந்தா. பாமா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடியே, படம் பாத்தன்! பாலத்திலை ஒரு சனமும் இல்லை! நாங்களும் திருப்பிப் போறம். பத்மநாதன் அண்ணையை ஒரு கிழமைக்கு எங்களோடை விடுவியோ?"

பாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாராளமாய்க் கூட்டிக்கொண்டு போ. படிக்கட்டிலை ஏற வேண்டாம் எண்டு ஒருக்காச் சொல்லிவிடு, அது போதும்."