நேவேக்கு வைத்த மருத்துநீர்

பலெர்மோ
17.04.1990

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாமா பேரின்பநாயகம் அவர்கட்கு,

மருமகன் இராசரத்தினம் பணிவுடன் எழுதுவது. என் தேகநலத்துக்கு இங்கு ஒரு குறையும் இல்லை. தாங்களும் மாமியும் என் மனைவி ஞானம்பிகையும் புதுவருஷத்தைச் சுகமாகத் தொடங்கியிருப்பீர்கள் என நம்புகிறேன். என் புதுவருஷம் தொடங்கிய விதத்தைக் கீழே எழுதியுள்ளேன். ஆறுதலாக இருந்து வாசிக்கவும்.

நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறா. பெயர் நேவே. இத்தாலியனில் பனி என்று கருத்து. நண்பன் றோபேட் என்னை அங்கு சேர்த்துவிட்டபோது, எனக்கு மிருகங்களோடு நல்ல பழக்கம் என்று சொல்லிவிட்டான். எங்கள் வீட்டில் நின்றது இரண்டு ஆடு. அதில் ஒன்று என்னைக் கண்டால் முட்டும். அதை நான் சொல்லப் போகவில்லை. ஏனென்றால் என் பெர்மெஸ்ஸோவுக்கும், அதாவது வதிவிட அனுமதிக்கும், ஞானம்பிகையை இங்கே கூப்பிடுவதற்கும் சிஞ்ஞோரா ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் குதிரைச் சவாரி போய்வந்து வைப்பதாகச் சொல்லியிருந்தா.

குளிர் முடிந்தால் குதிரைக்கு ஆயிரம் பண்டுவம், மாமா. மாரி முழுக்கக் கொட்டிலில் நின்றதால் முதலில் நடத்த வேண்டும், பிறகுதான் ஓட்டம். குளம்புக்குள் இறுகின மண்ணைக் கிண்ட வேண்டும். இளம்புல்லை அரைமணித்தியாலத்துக்கு மேல் தின்ன விடக்கூடாது. தின்னுற வாயைப் பறிக்க மனம் வராமல் நான் பின்னேரம்வரை மேயவிட்டன், அது வயிறு ஊதிப் படுத்திட்டுது, மிருக வைத்தியர் வந்து குதிரையைவிட என்னைத்தான் கூடநேரம் பார்த்தார். அது சுகமாகி எழும்ப, குளிர்காலத்து மயிர் கொட்டத் துவங்கிட்டுது. நான் பிறஷ் போடப் போட அது சொறிக்கடி தாங்காமல் மதிலோடை உரஞ்சிக்கொண்டு நிண்டுது. பார்க்கப் பாவமாய்க் கிடந்துது.

சனிக்கிழமை வருஷப்பிறப்பு. தலைக்கு மருத்துநீர் வைக்காமல் முழுகாதேங்கோ என்று ஞானம்பிகை கடிதத்தில் இரண்டுதரம் எழுதியிருந்தா. தாழம்பூவுக்கும் வில்வத்துக்கும் பலெர்மோவில் நான் எங்கே போக? துளசிக்குப் பதில் வுச்சீரியாச் சந்தையில் வாங்கின பசிலிக்கோ இலையும் சுக்கும் மிளகும் போட்டு, கிடைக்காத எல்லாத்துக்கும் ஈடாக மஞ்சளைக் கூட்டிப்போட்டு அவிச்சன். நான் வைச்சு முழுகின பிறகும் அரைவாளி மிச்சம். வருஷத்தண்டு வீட்டிலை உள்ள எல்லாரும் வைக்க வேணும்தானே, எனக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்? உச்சியிலை துவங்கி வால்மட்டும் நேவேக்கு ஊத்தித் தேய்ச்சுவிட்டன். அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாய் நிண்டுது. வெயிலிலை காஞ்ச பிறகு பார்த்தால் பூசணிப்பூ நிறம்! ஞாயிறு முழுக்கச் சவர்க்காரம் போட்டன். மஞ்சளிலை சவர்க்காரம் பட்டால் சிவக்கும் எண்டு மாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திட்டுத்திட்டாய்ச் சிவந்துபோச்சு.

திங்கள் காலமை சிஞ்ஞோரா சப்பாத்தும் தொப்பியுமாய் வந்தா. சிநேகிதிமார் குதிரையிலை ஏறி வாசலிலை காத்துக்கொண்டு நிக்கினம். அவ குதிரையை ஒருக்கால் சுத்தி வந்து பார்த்தா.

"ராசா, இது ஆரின்ரை வேலை?"

"என்ரை மனுசியின்ரை, சிஞ்ஞோரா."

"அவ சிலோனிலை எல்லோ?"

"ஓம், கடிதத்திலை எழுதினவ."

தொப்பியைக் கழட்டிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. கடதாசியிலை கையெழுத்தும் விழேல்லை. மூண்டு வருஷமாய்க் காணாத மனுசியிலை பழியைப் போட்ட வெட்கத்திலை அண்டு முழுக்க நான் கொட்டிலை விட்டு வெளியிலை வரேல்லை, மாமா.

ஆகவே பயண அலுவல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடவும். அநேகமாக நானே திரும்பி வருவேன். ஞானம்பிகையைத் தேற்றவும். நான் பழி போட்ட கதை அவவுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் இருவர் காலிலும் விழுந்து எழும்பியதாக எண்ணி என்னை வாழ்த்தவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் கேட்கும் மருமகன்,
இராசரத்தினம்

பி.கு.: இண்டைக்குப் புதன். கடிதத்தை ஒட்ட முதல் சிஞ்ஞோரா கூப்பிட்டா. குதிரைக்குக் கடி நிண்டிட்டுது, பழைய மயிர் பிடிபிடியாய்க் கழலுது, கீழை புதுமயிர் மினுங்குது. இதைச் சொல்லித்தந்த பொம்பிளைதான் குதிரைக்கு வேணுமாம், நான் குசினியிலை சமைக்கவாம். இரண்டு பேருக்கும் கையெழுத்து வைச்சுத் தந்திட்டா. என்ரை மனுசிக்கு இத்தாலியன் தெரியாதே எண்டன். குதிரைக்கும் தெரியாது எண்டா. மேலே எழுதினது ஒண்டையும் கணக்கெடுக்காமல் உடனே பாஸ்போட் அலுவலைப் பாருங்கோ. குதிரை எண்ட சொல்லை மட்டும் ஞானம்பிகைக்கு முன்னாலை எடுத்துப்போடாதேங்கோ. அவ பல்லிக்கே கத்துற ஆள். முதல்லை வந்து சேரட்டும்.