முழங்காலுக்கு எதிரான குற்றம்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் மாமியாரின் முழங்கால் நீங்கலாக எல்லாம் சௌக்கியம். அங்கே தாங்களும், என் மகளும், பேத்தியும், தாங்கள் வேலை பார்க்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் கட்டடத்துச் செயலாளர் லிஃப்டின் மின்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார், இதற்குத் தங்கள் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா என்று போன தடவை தொலைபேசியில் கேட்டேன். தாங்கள் சிரித்தீர்கள். மாப்பிள்ளை சிரித்தால் மாமனாரும் சிரிக்க வேண்டுமே என்று நானும் சிரித்துவைத்தேன். பிறகு தாங்கள் பொறுமையாக, இனப்படுகொலை, போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் மாதிரிப் பெரிய விவகாரங்களைத்தான் அங்கே எடுப்பார்கள், அதுவும் அந்தந்த நாட்டுக் கோர்ட்டுகள் விசாரிக்க மனமில்லாமலோ வக்கில்லாமலோ இருந்தால்தான் என்று விளக்கினீர்கள். போனை வைத்துவிட்டு, நம் விஷயம் இதில் எதில் சேரும் என்று உங்கள் மாமியாரைக் கேட்டேன். “முழங்காலுக்கு எதிரான குற்றம்னு எழுதுங்க” என்றாள்.

செயலாளர் தரைத்தளத்தில் குடியிருப்பவர். ஏறி இறங்கினால் லிஃப்ட் தேய்ந்துபோகும் என்பது அவர் கட்சி. “புதுசு மாதிரி வச்சிருக்கேன் பாருங்க” என்று அதன் கண்ணாடியைத் துடைத்துக் காட்டுகிறார். நாங்கள் இருப்பதோ நான்காம் மாடி. மழைக்காலத்துக்கு முன்னால் படியேறி வந்த உங்கள் மாமியார் இன்னும் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் வாசல் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் வம்பளப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம். இப்போது பால்கனியில் நின்றபடி அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், என் பெண்டாட்டிக்கும் தரைக்கும் இணைப்புக் கொடுக்க எனக்கு வழியில்லை. சங்கத்தில் முறையிட்டால், விசாரிக்க வேண்டியவரே அந்தச் செயலாளர்தான். ஆக, மனமில்லை. காவல் நிலையத்துக்குப் போனேன். “லிஃப்ட யாராவது தூக்கிட்டுப் போயிட்டா வாங்க சார். இருந்த எடத்துலயே இருக்குன்னா நாங்க என்ன பண்றது?” என்றார்கள். ஆக, வக்குமில்லை. தாங்கள் சொன்ன இரண்டும் பொருந்திவிட்டதால், எதிர்க் கட்டடத்தையும் பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டு, மூன்று கட்டடமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு பொது நீதிமன்றத்தை ஆரம்பித்தோம்.

தாங்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் காப்பியடித்தோம், அங்கேதான் வந்தது வினை. எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர் நீதிபதி. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும் என்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதனால் பக்கத்துக் கட்டடத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவரைச் செயலாளருக்காக வாதாட நாங்களே நியமித்தோம். அந்த மனுஷர், லிஃப்ட் நகர்ந்து யாருமே சமீபத்தில் பார்க்கவில்லை, எனவே அது லிஃப்ட்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்று வாதாடி ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தின்றுவிட்டார். எப்படியோ கைது உத்தரவு வாங்கி மூன்று கட்டட வாசலிலும் ஒட்டினோம். செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “பசை சரியா ஒட்டலையே” என்று மூலையை அமுக்கிவிட்டுப் போனார். தங்கள் கோர்ட்டுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, உறுப்பு நாடுகள்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னதால், நாங்களும் போலீஸ் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளே செயலாளர் எதிர்க் கட்டடத்துக்குள் நடந்துபோய், நீதிபதியின் நாற்காலியிலேயே சாய்ந்து, கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஏன் சார் பிடிக்கல?” என்று டாக்டரைக் கேட்டேன். “வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கற ஆள எப்படிங்க கைது பண்றது?” என்கிறார். சரி, பெரிய இடத்துக்கே போவோம் என்று தெருக் கூட்டமைப்புக்குப் போனேன். அங்கே மூலைக் கட்டடத்துக்காரர் வேண்டாம் என்று கையைத் தூக்கினால் எந்தத் தீர்மானமும் செத்துப்போகும். ஏனென்றால் தெருவுக்கே தண்ணீர் அவருடைய ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான். அவர் செயலாளருக்குச் சம்பந்தி. கையைத் தூக்கினார். ஐக்கிய நாடுகள் சபையிலும் இப்படித்தான் என்று தாங்கள் ஆறுதல் சொல்வீர்கள், அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு நான்கு மாடி இறங்க முடியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் வராமல் விசாரணையை நடத்தக் கூடாதாம், அதுவும் தாங்கள் சொன்னதுதான். வாராவாரம் கோர்ட் கூடுகிறது, காலி நாற்காலியைப் பார்க்கிறது, கலைகிறது. சாட்சியத்தையாவது பதிந்துவைப்போம் என்றால், பாதிக்கப்பட்ட சாட்சி நான்காம் மாடியில் இருக்கிறாள், கீழே வர லிஃப்ட் இல்லை. கடைசியில் பால்கனியிலிருந்தே சொல்லட்டும் என்று அனுமதி வாங்கினேன். கீழே மூன்று கட்டடமும் அண்ணாந்து பார்க்கிறது. உங்கள் மாமியார் எட்டிப் பார்த்து, “யாருக்கும் தண்டனை வேணாம். பூட்டத் தொறந்து விடச் சொல்லுங்க, நான் கொஞ்ச நேரம் மரத்தடியில உக்காரணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் குறுக்கு விசாரணைக்கு அவளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

ஆகவே மாப்பிள்ளை, தங்கள் கோர்ட் முத்திரையோடு ஒரு மிரட்டல் கடிதமாவது உடனே அனுப்பிவைக்கவும். பதவியில் இருப்பவன் எவனும் சட்டத்துக்கு மேலே இல்லை என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். மகளுக்கு என் ஆசியும் பேத்திக்கு முத்தமும் சேரட்டும். தாங்கள் பிடிக்க நினைக்கும் ஆட்களெல்லாம் பல் வலி வராமல் அகப்பட வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமனார்.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வாராவாரம் தன் ஜன்னலுக்கு வெளியே அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். புதிய செயலாளர் நான்தான், ஏகமனதாக. முதல் வேலையாக லிஃப்டைத் திறந்து உங்கள் மாமியாரைக் கீழே கூட்டிப்போனேன். இருட்டும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டாம் மாடிக்காரர்கள் அதில் ஒரு கட்டிலை ஏற்றினார்கள், மாப்பிள்ளை. லிஃப்ட் முனகியது நான்காம் மாடியில் எனக்குக் கேட்டது. இப்படியே விட்டால் தேய்ந்துபோகாதா? பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு மட்டும் கேட்டபோதெல்லாம் திறந்துவிடுகிறேன். இன்று அப்படித்தான் திறந்துவிட்டேன், அவள் நேரே கோர்ட்டுக்குப் போய் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கைது உத்தரவை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். நம் கட்டடம் அந்த ஒப்பந்தத்திலிருந்து உடனடியாக விலகுகிறது என்று நானும் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். விலகினாலும் பழைய வழக்கு போகாது என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார் என்கிறாள் உங்கள் மாமியார். அப்படித் தாங்கள் சொல்லவே இல்லை என்று, அதே முத்திரையோடு, ஒரு வரி எழுதி அனுப்பவும்.