மாமனார் பக்கத்துக் கரகரப்பு

"மாமா, இப்ப தெளிவா கேக்குதா?"

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டது கேட்டுச்சு மாப்பிள்ளே. அதுக்கு அப்புறம் ஒரே கரகர."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப் போனது. வீடியோ காலில் அந்தக் கரகரப்பு அவர் பக்கத்து ஸ்பீக்கரிலும் கேட்டது.

புத்தம் புது கம்ப்யூட்டர். உள்ளே நேற்றுதான் சந்தைக்கு வந்த புராசசர். அதில் காசில்லாமல் கிடைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸைத் தன் கையாலேயே ஏற்றியிருந்தார். மாமனாரின் பயிற்சி மையத்தில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்களிலும் அதையே போடவைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "முதல்ல உங்க சத்தம் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று மாமனார் சொல்லிவிட்டார். அதற்குள் சகலை புகுந்து, காசு கொடுத்து வாங்கும் சிஸ்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டால்? மனைவியின் தங்கை புருஷனிடம் தோற்பதைவிட வேறு அவமானம் உண்டா?

"கோளாறு என்னன்னா, லினக்ஸுக்கு உயிர்நாடியே கெர்னல்தான், பழைய கெர்னலுக்கு இந்தப் புது புராசசரை அடையாளம் தெரியல," என்று மனைவியிடம் விளக்கினார்.

"உங்க சித்தப்பாவுக்குக்கூடத்தான் என்னை அடையாளம் தெரியல. அதுக்காக நான் கரகரங்கறேனா?"

கெர்னலைப் புதுப்பித்தார். திரை கருத்துப்போனது. படாத பாடுபட்டுத் திரையை மீட்டதும் முதல் வேலையாக மாமனாரை அழைத்தார்.

"மாமா, கெர்னல்னா என்னன்னா..."

கரகர.

மாப்பிள்ளை யோசித்தார். பாட்டு போட்டால் சுத்தமாகக் கேட்கிறது. குசலம் விசாரிக்கும்வரை பேச்சும் சுத்தம். கொஞ்சம் ஆழமாகப் போனால்தான் தகராறு. அப்படியென்றால் பேசப் பேச புராசசர் தூங்கிவிடுகிறது! மின்சிக்கன வசதியை அணைத்தார். உள்ளேயிருந்த விசிறி ஊளையிட ஆரம்பித்தது. மாமனாரிடம் புராசசரின் தூக்கத்தைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். கரகரப்பு இரட்டிப்பானது.

இணையத்தில் லினக்ஸ்காரர்களிடம் முறையிட்டார். 'எனக்கு நன்றாக வேலை செய்கிறது' என்று ஒருவர் பதில் போட்டார். அதனால் யாருக்கு என்ன லாபம்? இன்னொரு புண்ணியவான் சொன்னபடி, ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரைப் பெரிதாக்கினார். இப்போது இவர் கேள்வி போய்ச் சேருவதற்குள் மாமனார் தும்மி முடித்துவிடுகிறார்.

"பஃபர்ங்கறது தண்ணித் தொட்டி மாதிரி மாமா. இந்தப் பக்கம் குழாய்..."

இந்த முறை கரகரப்பு அல்ல, இடி.

"ஏங்க, எங்கப்பாகிட்ட சும்மா சாப்டீங்களான்னு மட்டும் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"உனக்கு டெக்னாலஜி புரியாது."

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லினக்ஸை முதலிலிருந்து ஏற்றினார். உடனே அழைத்தார். திரையில் மாமியார் வந்தார்.

"அத்தை, என் குரல் கேக்குதா? புது கெர்னல், புது டிரைவர், பஃபரைக்கூட மறுபடி சின்னதாக்கிட்டேன்!"

"கணீர்னு கேக்குது மாப்பிள்ளே."

ஒரு கரகர இல்லை. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இனி சகலையாவது, மண்ணாவது!

"ஜெயிச்சுட்டேன் அத்தை! மாமாவைக் கூப்பிடுங்க. எப்படிச் சரி பண்ணேன்னு ஆதியோடந்தமா விளக்கறேன்!"

மாமியார் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம் மாப்பிள்ளே, உங்க மாமா மைக்குகிட்ட வச்சுக் கசக்கறதுக்கு வீட்ல இனிமே பிஸ்கட் கவர் இல்ல, லினக்ஸைப் போன மாசமே சின்ன மாப்பிள்ளை வந்து, வாயே திறக்காம எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டார்."