பைக்குள் இருந்த மாமி

ஒரு பாடத்தைப் படிப்பிக்கிறவருக்கு அந்தப் பாடம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எனக்குச் சோறில்லை. கிளிநொச்சியில் ஒரு ரியூசன் நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். தொடாமலே அலையால் அடையாளம் காட்டுகிற ஆர்.எப்.ஐ.டி. என்றால் என்ன, அதற்குள் இருக்கும் சில்லு எப்படி வேலை செய்யும், வாசிக்கும் கருவி எப்படி அலையை அனுப்பும் என்றெல்லாம் வெண்பலகையில் அம்புக்குறி போட்டு வடிவாகக் கீறுவேன். (கீறுவதில் ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது.) ஆனால் அந்தச் சாமானை ஒருநாள் உண்மையாகவே என் கையில் தந்தபோது நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதை என் மாணவர்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் பரீட்சை எழுதப்போவதில்லை, அதனால் உங்களுக்குச் சொல்லலாம்.

அப்போது எனக்குக் கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான். தேங்காய் துருவினால்கூட மாமியார் வீட்டில் யாரோ மறைவில் நின்று புள்ளி போடுகிறார்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்த காலம். ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கு அங்கால் வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் பெரிய விளையாட்டுப் பூங்கா ஒன்று திறந்திருந்தார். தண்ணீர்ச் சறுக்கல், சுழலும் கதிரை, முன்னும் பின்னும் ஆடுகிற பெரிய கப்பல் எல்லாம் இருக்கிறதாம். உள்ளே போகிற எல்லாருக்கும் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்களாம், ரிக்கற்றும் அதுதான், சாமான் வைத்துப் பூட்டுகிற லொக்கருக்குத் திறப்பும் அதுதான், கடையில் சாமான் வாங்குவதும் அதுதானாம். என் கணவர் சுதனின் ஆட்கள் ஒரு வான் பிடித்து வெளிக்கிட்டார்கள்.

சுதனுக்கு வர முடியவில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறந்திருந்தது, வயலில் அவர்தான் நிற்கவேண்டும். வான் வெளிக்கிடும்போது யன்னலுக்குள் தலையை விட்டார்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடவேணும், குளிசை போடவேணும். குளிசையை உம்மட்டத்தான் தாறன். தலைசுத்துற ஒண்டிலயும் ஏத்திப்போடாதையும், என்ன?"

"நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வானுக்குள் வகுப்புத் தொடங்கியது. யாரும் கேட்டார்களோ இல்லையோ, கைப்பட்டி எப்படி வேலை செய்யும் என்று மாங்குளம் தாண்டும்வரை விளக்கினேன். மாமாவின் அண்ணர், நாங்கள் எல்லாரும் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், கடைசியில் வாயைத் திறந்தார்.

"அப்ப மாட்டுக்குக் குறி சுடுறமாதிரி எண்டு சொல்லு."

"இல்லைப் பெரியப்பா, இது நவீனம்."

"மாடும் அப்பிடித்தான் நினைச்சிருக்கும்."

மாமி மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தா. "அப்ப நான் துலைஞ்சு போனாலும் அது கண்டுபிடிக்குமோ பிள்ளை?"

"ஒரு நிமிசத்தில மாமி!"

"அதுக்கு என்னைத் தெரியுமே?"

"உங்கட பேரே தெரியும்," என்றேன்.

வாசலில் ரிஸ்னா என்று ஒரு பெண்பிள்ளை நின்றா. முல்லைத்தீவுப் பக்கம், நன்றாகக் கதைப்பா. மணிக்கூட்டு வார் போல நீல நிறப் பட்டிகளை ஒவ்வொருவர் கையிலும் கட்டிவிட்டா. பெயர், வயது எல்லாம் பதிந்தபின், படங்களும் தகவல்களும் அனுப்ப ஒரு தொலைபேசி இலக்கம் கேட்டா. நான் சுதனின் இலக்கத்தைக் கொடுத்தேன். (வெயிலுக்குள் நிற்கிற மனிசன் நாங்கள் சந்தோசமாக இருப்பதைப் பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான், வேறொன்றும் இல்லை.)

"துலைச்சுப் போடாதேங்கோ அக்கா. இது இல்லாமல் வெளியில போனா, திருப்பி உள்ளுக்கு வர ஏலாது," என்றா.

துலைச்சுப் போடாதேங்கோ. எங்கள் பக்கத்து ஆட்களிடம் சொல்லக்கூடாத சொல் அது. சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் கூட்டமாகப் பயணம் போனால், எல்லாருடைய அடையாள அட்டையையும் பொறுப்பான ஒருவர் வாங்கி ஒன்றாகக் கட்டி வைத்துக்கொள்வார். கேட்கிற இடத்தில் அவர் இறங்கிக் காட்டுவார். சாவடிகள் போய்விட்டன, கை மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பஸ் ரிக்கற் என்றாலும் சரி, கோயில் அர்ச்சனைத் துண்டு என்றாலும் சரி, ஒருத்தர் வாங்கிக் கையில் வைத்திருந்தால்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

"பிள்ளையள் தண்ணிக்க விழுத்திப்போடுங்கள்," என்றாள் பவி, சுதனின் தங்கை. "ஆரும் பொறுப்பான ஆளிட்டக் குடுத்து வைப்பம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வந்து சில மாதமான மருமகளுக்கு இதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்? "கொண்டாங்கோ எல்லாத்தையும்!" என்றேன். ஒரு வான் ஆட்களின் பட்டிகளும் மாமியின் குளிசை இருந்த துணிப்பைக்குள் போயின. மாமியின் கைப்பட்டியை நானே கழற்றினேன். கையில் கட்டுவதற்கென்றே செய்த சாமானை, அது எப்படி வேலை செய்யும் என்று வழிநெடுகப் படிப்பித்த நானே கழற்றிப் பைக்குள் போட்டேன்.

முதலில் எல்லாம் சோக்காகத்தான் போனது. ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் ஒரு கம்பம். பையை அதற்குக் காட்டினால் பச்சை வெளிச்சம் வரும், பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். கப்பலடிக்கு வந்தபோது வெயில் கொதித்தது. அங்கே ஒரேயொரு நிழல், அந்தக் கம்பத்தடியில்தான். கம்பத்தில் பை கொழுவுவதற்கென்றே செய்ததுபோல ஒரு கொளுக்கி வேறு இருந்தது. கொழுவினேன். மாமிக்குக் கதிரை போட்டுக் கொடுத்து நானும் இருந்தேன்.

"கால்முகம் கழுவிக்கொண்டு வாறன்," என்று மாமி எழும்பினா. நான் ஒளித்துக் கொண்டுவந்த கடலை வடையை எடுத்தேன். கப்பல் ஆடியது, நின்றது, திரும்ப ஆடியது. என்ன நிம்மதி! என் கலியாணத்துக்குப் பிறகு நான் அனுபவித்த முதல் நிம்மதி அதுதான் என்று நினைக்கிறேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"அம்மாவ ஏன் கப்பலில ஏத்தினனீர்?" சுதன் கத்தினார்.

"ஆர் ஏத்தினது? நான் ஏத்தேல்லையே!"

"எனக்கு மெசேஜ் வந்திருக்கு. 'உங்கள் குடும்ப உறுப்பினர் இராசம்மா கப்பல் சவாரியை மகிழ்ச்சியுடன் நிறைவு செய்தார்.' என்னப்பா இது?"

"அது பிழையா வந்திருக்கும்."

"பொறும், பொறும். ஐயோ, இன்னொண்டு வந்திட்டுது! திருப்பி ஏறிட்டா! அம்மாட்டக் குடும் போனை!"

பக்கத்தில் பார்த்தேன். கதிரை இருந்தது. மாமி இல்லை. கால்முகம் கழுவப் போனவ போய் எவ்வளவு நேரம்? வடை முடிந்து கையும் காய்ந்துவிட்டது.

"மாமி கால் கழுவப் போட்டா," என்றேன்.

"கப்பலிலயோ?"

தொலைபேசியை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கழுவுகிற இடத்தில் இல்லை. சறுக்கலடியில் இல்லை. கடையடியில் இல்லை. குளம்போல வெட்டி வைத்திருந்த தண்ணீருக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மாமியின் தொலைபேசி லொக்கருக்குள். லொக்கர் திறக்கிற பட்டி என் பைக்குள். குளிசை என் பைக்குள். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சீனி இறங்கி எங்கேயாவது மயங்கி விழுந்து கிடக்கிறாவோ? 'நான் பாத்துக்கொள்ளுறன்' என்று சொன்ன வாயால் சுதனுக்கு இனி என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்துக்கொண்டே ஓடினேன். (அதில் சில நேர்த்திகள் இன்னும் பாக்கி.)

வழியில் பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமாக ரிஸ்னாவின் மேசையில் போய் விழுந்தோம்.

"தங்கச்சி, என்ர மாமியைக் காணேல்லை! இராசம்மா எண்டு பேர். உங்கட கொம்பியூட்டரில பாருங்கோ!"

ரிஸ்னா தட்டினா. முகம் மலர்ந்தது. "பயப்பிடாதேங்கோ அக்கா. அம்மா இங்கதான் நிக்கிறா."

"எங்க?"

திரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. திரும்பத் திரையைப் பார்த்தா. "இந்த மேசைக்கு முன்னால. உங்களோட ஒட்டிக்கொண்டு."

வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். பின்னால் பெரியப்பா மட்டும் நின்றார்.

"நான் இல்லை," என்றார் அவர்.

"கப்பலில கனதரம் ஏறியிருக்கிறா," என்று ரிஸ்னா கவலையோடு தொடர்ந்தா. "இந்த வயசுக்கு இது கூடாதக்கா. அவ மட்டும் இல்லை, பவி, பிள்ளையள், உங்கட ஆக்கள் முழுப்பேரும் இப்ப இந்த மேசையடியில நிக்கினம்."

நான் மெதுவாகக் குனிந்து துணிப்பையைப் பார்த்தேன். கம்பம், கொளுக்கி, பை, பச்சை வெளிச்சம். வெண்பலகையில் நான் கீறிய அம்புக்குறிகள் எல்லாம் திரும்பி என்னையே பார்த்தன. மாமி எங்கே என்று சொல்லக்கூடிய ஒரேயொரு சாமான் என் தோளில் தொங்குகிறது, மாமி அதோடு இல்லை.

"அட," என்றார் பெரியப்பா, பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு.

ரிஸ்னா ஒலிபெருக்கியில் மாமியின் பெயரைச் சொன்னா. ஒருத்தரும் வரவில்லை. தொலைபேசி திரும்ப அடித்தது. இனி மறைக்க முடியாது. எடுத்த உடனேயே அழத் தொடங்கினேன்.

"மாமியைக் காணேல்லை. பட்டியை நான்தான் கழட்டினனான். மாமி கப்பலில ஏறேல்லை, பைதான் ஏறினது. எல்லா இடமும் பாத்திட்டன்."

மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வாங்கிக் கட்டப்போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வானடியில பாத்தனீரோ?" என்றார்.

"வானடியிலயோ?"

"அம்மா அங்கதான் நிப்பா. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போகேக்க அவ எங்களுக்குப் படிப்பிச்சது அது. ஆராவது பிரிஞ்சா, கடைசியா எல்லாரும் ஒண்டா நிண்ட இடத்துக்குப் போய் அசையாமல் நிக்கவேணும். ஒருக்கா நான் துலைஞ்சு போகேக்க, நாங்கள் வந்த உழவு மிசினடியில என்னை அப்பிடித்தான் திருப்பி எடுத்தவ. ஓடும்!"

ஓடினேன். வெளிவாசலைத் தாண்டி, வாகனங்கள் நிற்கிற இடத்தில், எங்கள் வானின் நிழலில் பாய் விரித்து மாமி இருந்தா. தனியே இல்லை. பக்கத்து பஸ்ஸில் வந்த புதுக்குடியிருப்பு ஆட்கள் சோற்றுப் பொதி அவிழ்த்திருந்தார்கள். மாமி கத்தரிக்காய்க் குழம்போடு குழைத்து முடிக்கிற கட்டத்தில் இருந்தா.

நான் போய் மாமியைக் கட்டிப்பிடித்துக் குழறினேன். பஸ் ஆட்கள் செத்தவீடு என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டார்கள்.

"என்ன பிள்ளை, நான் செத்தே போட்டன்?" என்றா மாமி. "கால் கழுவிப்போட்டுத் திரும்பி வரேக்க கப்பலடிக்கு வாற கதவு திறக்கேல்லை. அதில நிண்ட பெடியன் கையைக் காட்டச் சொன்னான், காட்டினன். வெறுங்கையைப் பாத்து அவனுக்கு என்ன விளங்கும்? வெளியில போற கதவு திறந்து கிடந்தது. சரி, வானடிக்குப் போவம், எப்பிடியும் வருவியள்தானே எண்டு வந்திட்டன். குளிசை கொண்டந்தனியே?"

கொண்டுவந்திருந்தேன். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

பின்னேரம் வெளிக்கிடும்போது ரிஸ்னா ஒரு திரையோடு வந்தா. கைப்பட்டி பற்றிப் பார்வையாளர் கருத்து வேண்டுமாம். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம், ஒன்றை அமத்தவேண்டும். பவி சிரிக்கிற முகத்தை அமத்தினாள். கேட்டுக் கேட்டு ரிக்கற் காட்டுகிற கரைச்சல் இல்லையாம். (காட்டியது நான், கரைச்சல் அவளுக்கு எங்கே?) பெரியப்பா நீளமாக யோசித்தார்.

"மாட்டுக் குறியைக் கழட்ட ஏலாது. இதைக் கழட்ட ஏலுது. அதுதான் பிழை," என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் அழுகிற முகத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். பிறகு அந்தப் பட்டி என்ன பாவம் செய்தது என்று எடுத்துவிட்டேன்.

"அம்மா, உங்கட கருத்து?" என்று கேட்டா ரிஸ்னா.

"நல்ல சாமான் பிள்ளை," என்றா மாமி. "எனக்கும் அந்தக் கப்பலில ஏற ஆசைதான், மகன் விடான். இப்ப என்ர பேரில அது ஏறி ஆடிப்போட்டு வந்திருக்கு. தலையும் சுத்தேல்லை." என்று சொல்லி, சிரிக்கிற முகத்தை நல்லா அழுத்தி அமத்தினா.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் கப்பலடிக் கம்பத்தில் ஒரு கமராவும் இருந்திருக்கிறது. பச்சை வெளிச்சம் வரும்போதெல்லாம் படம் எடுத்து, எல்லாவற்றையும் அன்று இரவு ஒன்றாகச் சுதனுக்கு அனுப்பியிருக்கிறது. எல்லாப் படத்திலும் நான்தான், வடையை நோக்கி வாயைத் திறந்தபடி. கீழே 'இராசம்மா, கப்பல்' என்று அழகான எழுத்து. அதில் வாய் ஆகப்பெரிதாகத் திறந்திருக்கிற ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு முன் அறை அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கேட்டால் பவி முழுக் கதையும் சொல்வாள். வீட்டில் யாராவது "அம்மா எங்க?" என்று கேட்டால் நாலு பக்கத்திலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "பைக்குள்ள பார்!"

போன வருசம் மாமிக்கு ஒரு சத்திரசிகிச்சை. வவுனியாவில். சீனி வருத்தத்தோடு வயிற்றைத் திறப்பது என்றால் சும்மாவா? சுதனும் நானும் வெளியே பெஞ்சில் இருந்தோம். மாமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கையில் பெயர் எழுதிய பிளாஸ்ரிக் பட்டி ஒன்று. எங்கள் முன்னால் வண்டி நின்றது. மாமி கையை என்னிடம் நீட்டினா.

"பிள்ளை, இதைக் கழட்டி உன்ர பைக்குள்ள வை. அவங்கள் பையை வெட்டட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. தாதி என்ன என்று விளங்காமல் எங்களைப் பார்த்தா. வண்டி திரும்ப நகர, மாமி தலையை மட்டும் திருப்பினா.

"தேடி அலையாதை. முடிஞ்ச உடன வானடிக்கு வாறன்."

ஐந்தாம் நாள் வந்தா. நான் காலையிலிருந்தே வானடியில்தான் நின்றேன், அசையாமல்.